எண் 117

குழாய்க்கு அலுமினியத் தாள் சுற்றுவது என் வேலை.
ரத்தம் எடுத்த கையோடு சுற்றிவிட வேண்டும்,
பகல் வெளிச்சம் பட்டால் ரெட்டினால் சிதைந்துபோகும்.
இருட்டில் கண் தெரிய உதவுகிற பொருள்
வெளிச்சத்தைத் தாங்காது.
முதல் மாதம் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.
இப்போது சுற்றுகிறேன், அவ்வளவுதான்.

நாகூரான் தோட்டம், நாலாவது சந்து.
வெரோனிக்கா. மகன் மிக்கேல், நான்கு வயது.
பச்சைச் சீட்டு.
பச்சைக்கு தினம் ஓர் உருண்டை, மஞ்சளுக்கு ஓர் உருண்டை.
எதில் செம்பனை எண்ணெய் என்று எனக்குத் தெரியாது,
உருட்டுகிறவர்களுக்கும் தெரியாது,
வெல்லப்பாகு இரண்டையும் ஒரே நிறமாக்கியிருந்தது.
மிக்கேல் உருண்டையை வாயில் ஒதுக்கிக்கொண்டு
மிச்சமான தாளுக்குக் கை நீட்டுவான்,
பந்து செய்ய.

'நேத்து புள்ள இன்னா துன்னான்?'
படிவத்தில் கேள்வி இப்படி இல்லை.
நான் இப்படித்தான் கேட்பேன்.
காலையில் டீயும் பொறையும்.
மதியம் சோறு, நெத்திலிக் கருவாடு, புளித்தண்ணி.
ராத்திரி அதே சோறு.
கீரை?
'ரேஷன் கடையாண்ட முருங்க கீது.
ஆஞ்சி ஆக்க நேரம் எங்க கீது?
ஐஸ் ஒடைக்க மூணு மணிக்கே போவணும்.'
மீன் ஈரல்?
சிரித்தாள்.
'சுறா வந்தா கறி ஒருத்தன், துடுப்பு ஒருத்தன்,
ஈரல் ஒருத்தன் எடுத்துனு பூடுவான்.
நமக்கு வாடை.'
வாடைக்குப் படிவத்தில் குறியீடு இல்லை.

ஆறு பங்கு கரோட்டினுக்கு ஒரு பங்கு ரெட்டினால்
என்றது நான் படித்த பழைய புத்தகம்.
அப்புறம் பன்னிரண்டு என்றார்கள்.
சில கீரைகளுக்கு அதைவிட மோசம் என்று
போன வாரக் கூட்டத்தில் ஒரு படம் போட்டார்கள்.
கொஞ்சம் எண்ணெய் சேராவிட்டால்
பாதிக் கீரை வந்த வழியே போய்விடும்.
கட்டு என்னவோ அதே பத்து ரூபாய்.

அன்று மட்டும் தாமதம்.
எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொள்ள
நான் போனபோது மணி ஆறே முக்கால்.
உட்கார்ந்ததும் கரண்ட் போனது.
சந்துப் பிள்ளைகள் எல்லாம் 'ஓ'வென்று வெளியே ஓடினார்கள்.
மிக்கேல் ஓடவில்லை.
அம்மாவின் குரல் வந்த பக்கம் கையை நீட்டி
குடத்தில் இடித்து,
என் ஐஸ் பெட்டியில் இடித்து
நடு வீட்டில் நின்றான்.
அழவில்லை. பழகியிருந்தான்.

'அது ஒரு பராக்கு, மேடம்.
பொழுது சாஞ்சா கோழி மாரி
ஒரே எடத்துல குந்திக்கும்.'

போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன்.
வெள்ளைவிழியின் ஓரத்தில்
சோப்பு நுரை காய்ந்தது போல் ஒரு திட்டு.
மூன்று வாரம் தினமும் வந்திருக்கிறேன் இந்த வீட்டுக்கு.
பகலில்.

கண்ணில் அறிகுறி இருந்தால்
ஆய்விலிருந்து எடு, அன்றே மருந்து கொடு.
நெறிமுறை, பக்கம் பதினொன்று.
ஸ்டான்லிக்கு ஆட்டோ நூற்றைம்பது கேட்டான்.
இரண்டு மில்லி சிரப், இரண்டு லட்சம் யூனிட்.
மறுநாள் ஒன்று.
இரண்டு வாரம் கழித்து ஒன்று.

அட்டவணையில் இப்போது 116க்கு அடுத்து 118.
'பச்சைல ஒண்ணு கொறையுது, சமாளிச்சுக்கலாம்'
என்றாள் புள்ளியியல் பார்க்கிற தமயந்தி.
ஆறாம் மாதம் உறையைப் பிரிப்பார்கள்.
அவன் தின்ற உருண்டையில் என்ன இருந்தது என்று
அப்போது தெரியும்.
கேட்பேனா, தெரியாது.

ஆறாம் நாள் போனேன்,
உருண்டை இல்லாமல், படிவம் இல்லாமல்.
வார்ஃப் பக்கம் வானம் முழுக்கக் கறுத்து
சந்து விளக்கு இன்னும் போடவில்லை.
காலடிச் சத்தம் கேட்டு உள்ளே இருந்து
'யாருடா?' என்றாள் வெரோனிக்கா.
வாசற்படியில் குந்தியிருந்தவன்
நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

'தாள் சுத்துற அக்கா.'

நான் இன்னும் வாயைத் திறந்திருக்கவில்லை.